லிஃப்ட் மெக்கானிக்கின் முதல் பதில்

அப்பா முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். கம்பெனியை மூடிவிட்டார்கள். ஐம்பத்தாறு வயதில் அவருக்கு ஒரு மேற்பார்வையாளர் வேலைக்கு இன்டர்வியூ வந்தது. நான் இன்ஜினியர். சமையலறை மேஜையில் அவரை உட்காரவைத்துக் கேள்வி கேட்டேன்.

"ரெண்டு மாடிக்கு நடுவுல லிஃப்ட் நின்னுடுச்சு. உள்ள ஆள் மாட்டிக்கிட்டாங்க. முதல்ல என்ன செய்வீங்க?"

"கதவுகிட்ட போய், 'ஆள் வந்தாச்சு, பயப்படாதீங்க'ன்னு சொல்லுவேன்."

"தப்புப்பா. மெயின் ஸ்விட்சை அணைக்கணும். புத்தகத்துல அப்படித்தான் இருக்கு."

"உள்ள மாட்டிக்கிட்டவன் புத்தகமா படிச்சிட்டிருப்பான்? போம்மா, இந்த வேலை எனக்குத்தான். உனக்கு வேணும்னா அங்க சிபாரிசு பண்றேன்."

சட்டையைத் தேய்த்து ஆணியில் மாட்டினார். இன்டர்வியூவுக்கு முந்தின நாள் காலை, ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள்.

மறுநாள் பத்து மணிக்கு அவர் இன்டர்வியூவில் இருந்திருக்க வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். நான் கட்டிலருகே நின்று, மானிட்டரில் தெரிந்த ரத்த அழுத்தத்தையும் ஆக்சிஜன் அளவையும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கைபேசியில் குறித்துக்கொண்டிருந்தேன். எண்கள் இறங்கிக்கொண்டே வந்தன.

"அதையே பாத்துட்டிருக்கீங்களே, அவர்கிட்ட ஏதாவது பேசுங்கம்மா," என்றார் நர்ஸ்.

கைபேசியை வைத்துவிட்டு அப்பாவின் காதருகே குனிந்தேன்.

"ஆள் வந்தாச்சுப்பா. பயப்படாதீங்க."

அதன்பின் பன்னிரண்டு நிமிடம் இருந்தார். அதற்கு முன் ஒரு மணி நேரமாக நான் அங்கேதான் நின்றிருந்தேன்.