சாரலில் காயாத பழத்தோசை

கோமதியின் எண்ணிலிருந்து காலையில் அழைப்பு வந்தபோது நான் ஹலோகூடச் சொல்லவில்லை. "என்னட்டி, இன்னைக்கும் ஒட்டிக்கிடுச்சா?" என்றுதான் கேட்டேன். மறுமுனையில் பேசியது அவள் தம்பி சங்கரன். "நூரக்கா, அக்கா போயிட்டா. நெஞ்சு வலிக்குன்னா. ஆசுபத்திரிக்குக் கொண்டு போகுமுன்னே முடிஞ்சிட்டு" என்றான். என் தோழிக்காக நான் கடைசியாகச் சொன்னது ஒரு நக்கல். அதை நினைத்தால் இன்னும் ஆத்திரம் வருகிறது. அந்த ஆத்திரத்தில் பாதி அவள் மேல்தான்.

குற்றாலத்தில் நாங்கள் இருவரும் போட்ட சீசன் கடையை அறிந்தவர்களுக்கு எங்கள் பழத்தோசையும் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். வாழைப்பழம், மாம்பழம், இளநீர் வழுக்கை, கொஞ்சம் ஆளிவிதை எல்லாவற்றையும் மிக்சியில் அடித்து, தட்டில் மெல்லிசாகத் தடவ வேண்டும். என் வீட்டுக்காரர் துபாயிலிருந்து கொண்டு வந்த, கோமதி வீட்டு அடுக்களையில் நாங்கள் போட்டிருந்த டீஹைட்ரேட்டர் என்னும் காயவைக்கும் மெஷினில் வைத்தால், வெதுவெதுப்பான காற்றில் காய்ந்து தோசை மாதிரி உரிந்து வர வேண்டும். உள்ளே ரம்புட்டானும் தேங்காய்ப்பூவும் வைத்துச் சுருட்டித் தர வேண்டும். எதையும் சமைக்காமல் பச்சையாகவே தர வேண்டும் என்பது கோமதியின் பிடிவாதம்: அடுப்பு கிடையாது, பால் கிடையாது, நெய் கிடையாது. வெல்லம்கூடக் காய்ச்சியது என்று சேர்க்க விடமாட்டாள், இனிப்புக்குப் பேரீச்சம்பழம்தான்.

வேண்டும், வேண்டும் என்று எழுதுகிறேனே தவிர, ஒழுங்காக வந்ததில்லை. குற்றாலத்துக்கு ஆள் வருவது சாரல் விழும்போது. சாரல் விழுந்தால் காற்றெல்லாம் ஈரம். மெஷின் அந்தக் காற்றைத்தானே இழுக்கும்? உரித்தால் கிழியும், கிழியாமல் வந்தால் சுருட்டுவதற்குள் நமுத்துப் பிசுபிசுக்கும். பங்குனி வெயிலில் அருமையாகக் காயும், அப்போது கடைப்பக்கம் ஈ காக்கா இருக்காது. அருவியில் குளித்து ஈரத்தலையோடு வந்த ஒரு அண்ணாச்சி, விரலில் ஒட்டியதை நக்கிக்கொண்டே, "ஏம்மா, இதுக்குச் சட்னி கிடையாதா?" என்று கேட்டார். எனக்கு மானம் போயிற்று. கோமதி அசரவில்லை. "கையோட சேத்துச் சாப்பிடுங்க அண்ணாச்சி, அதுவும் அடுப்புல வைக்காததுதான்" என்றாள்.

நான் கெஞ்சிப் பார்த்தேன். "ஒரே ஒரு தடவை தோசைக்கல்லுல காட்டி எடுப்போம்டி. யாருக்குத் தெரியப் போவுது?" "எனக்குத் தெரியும்லா" என்றாள். அவள் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அளவும் வைத்துக்கொள்ள மாட்டாள். ஒருநாள் எலுமிச்சை பிழிவாள், மறுநாள் கொய்யாவை அடித்து ஊற்றுவாள். என்ன போட்டாய் என்று கேட்டால், "வரட்டும்டி, வந்தப்புறம் சொல்லுதேன். வராததுக்கு எதுக்குச் செய்முறை?" என்பாள். இப்படிப்பட்டவளோடு எப்படிக் கடை நடத்துவது?

அவள் வீட்டில் பெரியவர், அவளுடைய பெரியம்மா. எங்களைக் காணும்போதெல்லாம் அவருக்கு ஒரே பேச்சு: "அடுப்பு பத்த வைக்காம என்னட்டி சமையல்? காய வைக்கதெல்லாம் சமையலா?" கோமதியும் சிரித்துக்கொண்டே, "சமையல் இல்ல பெரியம்ம, காய வைக்கதுதான்" என்பாள்.

அன்று நான் போய்ச் சேர்ந்தபோது அவளைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். வெளியே சாரல். அழுகைக்கு நடுவே அடுக்களையிலிருந்து மெஷினின் இரைச்சல் கேட்டது. விடியற்காலையில் அவள் போட்டுவிட்டிருந்தது, அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பெரியம்மா என்னைக் கண்டதும், "நூரு, அந்த மெஷின மொதல்ல அமத்து. பொணம் கிடக்க வீட்டுல சமையல் நடக்கலாமா?" என்றார்.

சாவு வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் இத்தனை வருடம் சமையலே இல்லை என்று சொன்னவர், அவள் காதில் விழாத அன்றைக்கா அதைச் சமையல் என்று ஒப்புக்கொள்வது? "அது காய வைக்கதுதானே பெரியம்ம, நீங்கதான சொல்லுவீங்க" என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை. அங்கே நின்று வழக்காட முடியுமா? பிளக்கைப் பிடுங்கினேன். பாதி காய்ந்த தட்டுகளைக் குப்பையில் கொட்ட மனம் வரவில்லை. மெஷினை அப்படியே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டுபோய், என் வீட்டில் ஓடவிட்டுத் திரும்பி வந்தேன்.

சாயங்காலம் அவளைக் கொண்டுபோன பிறகு வீட்டுக்கு வந்து தட்டை எடுத்தேன். ஓரத்தைப் பிடித்து இழுத்ததும் முழுசாக உரிந்து வந்தது. சாரல் நிற்கவேயில்லை, தோசை ஒட்டவுமில்லை, கிழியவுமில்லை. வெற்றிலை மாதிரி மடிந்தது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இத்தனை நாள் வராத சனியன் இன்றைக்கு ஏன் வந்தது என்று தட்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

எல்லாவற்றையும் சுருட்டி அவள் வீட்டுக்கே எடுத்துப்போனேன். பெரியம்மா காலையிலிருந்து பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல் உட்கார்ந்திருந்தார். வேண்டாம் என்று சொல்லி, பிறகு ஒன்றை வாங்கிக் கடித்தார். இன்னொன்றுக்கும் கை நீட்டினார். "நல்லாருக்கே. இதுல என்னட்டி போட்டிருக்கா?" என்று கேட்டார்.

தெரியாது பெரியம்மா. லேசாகப் புளித்தது, எலுமிச்சையும் இல்லை. அதற்கு மேல் என் நாக்குக்குப் பிடிபடவில்லை. மெஷின் இப்போது என்னிடம் இருக்கிறது. தெரிந்த பழமெல்லாம் போட்டுப் பார்க்கிறேன். நேற்றுப் போட்டதும் ஒட்டிக்கொண்டது, சுரண்டித்தான் எடுத்தேன். அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த மெஷினும், வந்தப்புறம் சொல்லுதேன் என்ற அவள் வாக்கும்தான்.

அன்னைக்கு நீ போட்டது வந்துட்டுல்லா, ஏட்டி. சொல்லு.