எடுத்து வச்ச புடவை

இப்பல்லாம் ஏசி ஹால்ல உக்கார வச்சு, வாங்க வர்றவங்கள எப்படிச் சம்மதிக்க வைக்கிறதுன்னு பாடம் எடுக்கறாங்களாம். கண்ணப் பாத்துப் பேசணுமாம், சிரிச்சுகினே இருக்கணுமாம். ஆரணியில எங்க முதலாளி ஒருநாளும் சிரிச்சதில்ல. எழுபதுகள்ல அவரோட பட்டுக்கடையில நான் புடவை விரிச்சுக் காட்டற ஆளு. அவருக்குத் தெரிஞ்சது ஒரே வித்தை. வாங்க வந்தவங்க மூஞ்சிக்கு நேராவே, "இது உங்களுக்கு இல்லைங்க"ன்னு சொல்றது.

கல்யாண கோஷ்டி ஒண்ணு வந்து பாயில உக்காரும். நான் மலை மாதிரி புடவைய விரிச்சுப் போடுவேன். எல்லாத்துக்கும் மூஞ்சியச் சுளிப்பாங்க. அப்ப நான் பீரோவத் திறந்து, தெரியாம கை பட்ட மாதிரி ஒரு புடவையோட கரைய மட்டும் வெளிய தெரிய விடணும். அது எந்தக் காலத்துலயோ தங்கிப்போன சரக்கா இருக்கும், அது வேற விஷயம். உடனே முதலாளி, "டேய், அதத் தொடாத! அது ஒரு வீட்டுக்கு எடுத்து வச்சது!"ன்னு கத்துவாரு. நான் பதறிப்போய் உள்ள தள்ளணும். அவ்ளோதான், கோஷ்டி மொத்தமும் பீரோகிட்ட நகர்ந்து வந்துடும். "வேணாங்கம்மா, கேக்காதீங்க"ன்னு நான் கெஞ்சுவேன். நான் கெஞ்சக் கெஞ்ச அவங்க ஜல்தியா பணத்த எடுப்பாங்க. சும்மா சொல்லக் கூடாது, நடிப்புல நான் கெட்டிக்காரன். கண்ணுல தண்ணியே வரவச்சிடுவேன்.

அந்த வருஷம் எனக்கே கல்யாணம் முடிவாச்சு. பொண்ணு தேவிகாபுரத்துல இருக்கற எங்க அத்தை மக. ஊரே அரக்குல கட்டிக்கும்போது அவளுக்கு மட்டும் முகூர்த்தப் புடவை கத்திரிப்பூ கலர்ல, மாம்பழ கலர் கரை போட்டு வேணும். "மாமா, இதுவரைக்கும் உங்ககிட்ட ஒண்ணும் கேட்டதில்ல. இது ஒண்ணுதான் கேக்கறேன்"னு சொல்லிட்டா. விடுவேனா? எங்க கடைக்கு நெய்யறவர்கிட்டயே சொல்லி வச்சேன். முதல்ல போட்ட சாயம் தப்பாப்போச்சு. மறுபடியும் போட்டப்புறம்தான் அவ சொன்ன கத்திரிப்பூ வந்துது.

புடவைய நெய்யறவர் கொண்டாந்து குடுத்த நேரம் முதலாளி சாப்பிடப் போயிருந்தாரு. பிரிச்சுப் பாத்தேன். அய்யோ, என்னா அழகு! வீட்டுக்கு எடுத்துகினு போலாம்னா எங்க வீட்டுல எலித் தொல்லை. முனையில மஞ்சள் வச்சாத்தான் புதுப் புடவை நம்ம புடவை. அந்த மஞ்சள வெள்ளிக்கிழமைதான் வைக்கணும்னு எங்கம்மா கண்டிஷனாச் சொல்லிட்டாங்க. அதுவரைக்கும் பத்திரமா இருக்கட்டும்னு கடை பீரோவுல வச்சேன். என் புத்திய என்னான்னு சொல்றது!

முதலாளி வந்து உக்காந்தாரு. அவர் பின்னாடியே தேசூர்லேர்ந்து ஒரு கோஷ்டி. விஷயத்தச் சொல்ல நேரமே இல்ல. மாப்பிள்ளையோட அம்மாதான் அதுல தலைவி, நல்லா கணீர்னு குரல். விரிச்சதெல்லாம் அந்தம்மாவுக்குப் பிடிக்கல. முதலாளி கண்ணக் காட்டினாரு. நான் பீரோவத் திறந்து வழக்கமான அரக்குப் புடவைய இழுத்தேன். கூடவே மாம்பழக் கரையும் எட்டிப் பாத்துது.

"அது என்னாப்பா?"ன்னு கேட்டுது அந்தம்மா.

"டேய், அதத் தொடாத! அது எடுத்து வச்சது!"ன்னு முதலாளி கத்தினாரு.

"நெசமாவே எடுத்து வச்சதுங்கம்மா"ன்னேன். "இது என் கல்யாணத்துக்குங்க. எங்க அத்தை பொண்ணு ஆசப்பட்டுக் கேட்டதுங்க."

அந்தம்மா சிரிச்சுது. "பாருங்கடி, என்னமா பேசறான்!"

முதலாளி அசந்துட்டாரு. இப்படி ஒரு வசனத்த அவரே யோசிச்சதில்ல. "ஆமாங்கம்மா, பாவம், அவன் பொண்டாட்டி ஆகப்போறவளுக்கு வச்சிருக்கான்"னு அவரும் சேந்துகினாரு.

"முதலாளி, சத்தியமாங்க!"ன்னு அலறினேன். அவர் கண்ணுல அப்படி ஒரு பெருமை! நான் புடவைய நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சேன். அது இன்னும் பேஜாராப் போச்சு. இவ்ளோ கெட்டியாப் பிடிக்கறான்னா இதுல ஏதோ இருக்குதுன்னு அந்தம்மா என் கையிலேர்ந்து பிடுங்கிச்சு. புதுசா நெய்து வந்த சரக்குன்னு நெனச்சு முதலாளி விலை சொல்றாரு, அந்தம்மா பேரம்கூடப் பேசல. திரும்பப் பிடுங்கிடுவேனோன்னு பயந்து, பஜார்ல வாங்கின மஞ்சள் பொடியப் பையிலேர்ந்து எடுத்து, குடிக்கக் குடுத்த தண்ணியில குழைச்சு, அங்கயே முனையில ஒரு தீத்து தீத்திச்சு. முடிஞ்சுது. மஞ்சள் வச்ச கல்யாணப் புடவையத் திருப்பிக் கேக்க எவனுக்கு வாய் வரும்?

அவங்க போனதும் முதலாளி என் முதுகுல தட்டினாரு. நான் உக்காந்து அழுதுகினு இருக்கேன். "போதும்டா, அவங்க போயிட்டாங்க"ன்னாரு. அப்புறம்தான் என் மூஞ்சிய நல்லாப் பாத்தாரு.

"அடப்பாவி, நெசமாவாடா? வாயத் தொறந்து சொல்லித் தொலைக்கறதுக்கு என்னா?"

"சொன்னேனே முதலாளி!"ன்னு கத்தினேன்.

மனுஷன் நொந்துட்டாரு. கல்யாணத்துக்குள்ள இன்னொண்ணு நெய்ய முடியாது. இருக்கறதுல நல்ல அரக்கு ஒண்ண எடுத்துக் குடுத்து, இன்னைக்கே போய்ச் சொல்லிட்டு வான்னு அனுப்பி வச்சாரு. தேவிகாபுரம் பஸ்ஸுல வழி முழுக்க பேச்ச ஒத்திகை பாத்துகினே போனேன்.

அவகிட்ட நடந்தத ஒண்ணு விடாமச் சொன்னேன். அவ கண்ணு கலங்கிடுச்சு. சரி, தெரிஞ்ச தொழிலாச்சேன்னு ஆரம்பிச்சேன். "இந்த அரக்கு இருக்குதே, இது லேசுப்பட்ட அரக்கு இல்ல. ஒரு பெரிய வீட்டுக்குன்னு எடுத்து..."

அவ விருட்டுனு எழுந்து உள்ள போயிட்டா. கல்யாணமே நின்னுபோச்சுன்னு நான் நெனச்சுகினு இருக்கும்போது, கிண்ணத்துல மஞ்சள் குழைச்சுகினு வந்தா. புடவை முனையில வச்சா. "ம், இப்ப வித்துப் பாருங்க"ன்னா. அதோட விட்டாளா? என் வெள்ளைச் சட்டை முனைய இழுத்துப் பிடிச்சு, அதுலயும் பட்டையா ஒரு தீத்து.

"ஏய், என்னாடி இது?"

"இதையும் எவளாவது கேப்பா. நீங்களும் வேணாம் வேணாம்னு சொல்லிகினே கூடப் போயிடுவீங்க."

எனக்குன்னு இருந்த நல்ல சட்டை அது ஒண்ணுதான். எவ்ளோ துவைச்சும் மஞ்சள் போகல. மறுநாள் அதையே போட்டுகினு கடைக்குப் போனேன். பாய் நெறைய ஆளுங்க உக்காந்திருக்க, முதலாளி அதப் பாத்துட்டாரு.

"என்னாடா சட்டையில மஞ்சள்?"

"எடுத்து வச்சிட்டாங்க முதலாளி"ன்னேன்.