லிஃப்ட்காரர் செய்த அழைப்பு மணி

லிஃப்ட்காரர் என்றால் நாலு தெருவுக்கும் தெரியும். ஆறாம் வகுப்பு வாசலை மிதிக்காதவர். பதினைந்து வயதில் கிரீஸ் டப்பா தூக்கப் போனவர், முப்பத்தெட்டு வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தார். படித்த இன்ஜினியர்கள் வரைபடத்தை விரித்துக்கொண்டு தலையைச் சொறியும்போது, இவர் கதவில் காதை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார். இது பீற்றல் இல்லை, நடந்த கதை.

வேலையிலிருந்து நின்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. உள்ளங்கை அகலத்தில் ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு வாங்கினார், எழுதிக்கொடுத்தபடி மணி, விளக்கை இயக்கும் குட்டிக் கம்ப்யூட்டர். வீடியோ பார்த்துப் பார்த்தே அதற்குப் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டார்.

போன வருஷம் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. கட்டிலோரம் ஒரு பட்டன் வைத்து, அந்தப் போர்டோடு இணைத்துக் கொடுத்தார். ஒரு தடவை அமுக்கினால் தண்ணீர், இரண்டு தடவை என்றால் பாத்ரூம். மாடியில் அவர் வேலை செய்யும் அறையில் மணியும் அதே கணக்கில் அடிக்கும்.

அடித்தது, தன் இஷ்டத்துக்கு. ஒன்றை இரண்டு என்றது. ஒரு நாள் அவள் இரண்டு தடவை அமுக்க, போர்டு ஐந்து என்று எண்ணிவிட்டது. ஐந்து வந்தால் என்ன செய்வது என்று அதற்கு யாரும் சொல்லவில்லையே, கம்மென்று இருந்துவிட்டது. காத்துப் பார்த்தவள் தானே எழுந்து சுவரைப் பிடித்து நடந்து, பாத்ரூம் வாசலில் விழுந்தாள். நெற்றியில் நாலு தையல்.

வெளியூரில் இருக்கும் மகள் போனில் கறாராகச் சொல்லிவிட்டாள். "அப்பா, ஞாயித்துக்கிழமை வர்றேன். அன்னிக்கும் இந்த மணி மக்கர் பண்ணுச்சுன்னா அம்மாவை என்கூட கூட்டிட்டுப் போயிடுவேன். பேச்சே கிடையாது."

மனைவிக்கு இந்த வீட்டை விட்டு அசைய மனசில்லை. அவருக்கு அவளை அனுப்ப மனசில்லை.

பட்டன்தான் மட்டம் என்று திட்டிக்கொண்டே மூன்று பட்டன் மாற்றினார். மூன்றாவதும் அதே கூத்தை ஆடியபோதுதான் உறைத்தது. அமுக்கியதும் உள்ளே இருக்கும் தகடு, தரையில் போட்ட பந்து மாதிரி நாலைந்து தடவை துள்ளித்தான் அடங்கும். லிஃப்ட் பட்டனும் துள்ளும். ஆனால் அவர் பழகிய லிஃப்டுகளில் இருந்த ரிலே என்ற காந்த ஸ்விட்ச் சோம்பேறி, அந்தத் துள்ளலைக் கண்டுகொள்ளாது. இந்தப் போர்டு அவசரக்குடுக்கை, ஒவ்வொன்றையும் எண்ணிவிடும். 'ஒரு அமுக்கலைப் பார்த்ததும் நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் கண்ணை மூடிக்கொள்' என்று புரோகிராமில் எழுதினார். கட்டைவிரலால் நூறு தடவை அமுக்கிப் பார்த்தார். நூறும் சரி.

ஞாயிறு வந்தது. மகள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, மனைவி ஒரு தடவை அமுக்கினாள். மணி இரண்டு முறை அடித்தது.

"நூறு தடவை பாத்தேனேம்மா!"

"யார் விரலால பாத்தீங்க?" என்றாள் மகள்.

மனைவியின் விரல் பட்டன் மேலேயே நடுங்கிக்கொண்டிருந்தது. தகட்டின் துள்ளலை அடக்கியவர் இந்த நடுக்கத்தை நினைத்தே பார்க்கவில்லை.

மனைவிக்குப் பேச்சு குழறினாலும் நாக்கு மழுங்கவில்லை. "ஏங்க, காலமெல்லாம் லிஃப்ட் லிஃப்ட்டுன்னு பீத்துனீங்களே. அஞ்சாவது மாடிக்குப் போறவன் அஞ்சு தடவையா அமுக்குறான்?"

மகள் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை, ஸ்க்ரூடிரைவரை எடுத்தார்.

முக்கால் மணி நேரம். தண்ணீருக்கு வெள்ளைப் பட்டன், பாத்ரூமுக்குச் சிவப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தம். லிஃப்ட் வரும்வரை எரியும் விளக்கு மாதிரி, ஒரு தடவை விரல் பட்டால் அவர் வந்து நிறுத்தும்வரை மணி அடித்துக்கொண்டே இருக்கும். எண்ணிக்கை என்ற பேச்சுக்கே இடமில்லை. விரல் நடுங்கட்டும், தகடு துள்ளட்டும், யாருக்கு நஷ்டம்?

மகள் லேசில் விடுகிறவள் இல்லை. அம்மாவைப் பத்து தடவை அமுக்கச் சொன்னாள். பத்து தடவையும் அவர் படியிறங்கி வந்தார். கடைசியில் அவருக்கு மூச்சு இரைத்தது.

"மணி சரியாயிடுச்சு. இந்தப் படிதான் உங்களைக் கவுத்துடும் போல. உங்க வேலை மேஜையைக் கீழ கொண்டாங்கப்பா. அம்மா இங்கயே இருக்கட்டும்" என்றபடி மகளே மாடியேறி மேஜையின் ஒரு முனையைப் பிடித்தாள்.

"நீ விடும்மா. லிஃப்ட் மோட்டாரையே தோள்ல இறக்குனவன் நான்."

"அது அப்போ. இப்போ மெல்ல இறங்குங்க."