சீனியில்லாத கலியாணக் கேக்

முள்ளிவாய்க்காலில் கலியாணமென்றாலும் நத்தார்ப் பண்டிகையென்றாலும் கேக்குக்குச் சுசிலாவிடம்தான் வருவார்கள். பொருளாதாரத் தடையால் மாவும் சீனியும் அரிதாகிப்போன யுத்த காலத்திலும் எங்கேயாவது தேடிப்பிடித்து, மேலும் கீழும் தணல் போட்டு வேகவைத்துக் கொடுத்துவிடுவாள்.

தொண்ணூற்றேழில் அவளுடைய கணவர் யாக்கோப்புக்குச் சலரோகம், அதுதான் நீரிழிவு, என்று தெரியவந்தது. கரைவலை இழுக்கும்போது கம்பி குத்திய கால் ஆறவேயில்லை; கடைசியில் ஒரு விரலை எடுத்தார்கள். "சீனி மட்டுமில்லை அம்மா, மாச்சாப்பாட்டையும் குறைக்கவேணும்" என்று ஆசுப்பத்திரியில் சொல்லியனுப்பினார்கள்.

அதோடு யாக்கோப்பு விசேஷ வீடுகளுக்குப் போவதை விட்டுவிட்டார். "பலகாரத் தட்டம் வரேக்கை வேண்டாமெண்டு சொன்னா, எல்லாரும் காலைத்தான் பாக்கிறாங்கள்" என்பார். அடுத்த வருடம் மகள் பிறின்சிக்குக் கலியாணம் பொருந்திவந்தபோது, கேக் வெட்டும் நேரம் தான் வெளியே நிற்கப்போவதாகச் சொன்னார். சுசிலாவுக்கு மனம் கேட்கவில்லை.

மாவும் சீனியும் சேர்க்காத கேக்கொன்றுக்காக, பால் பிழிந்த தேங்காய்ப்பூவை வெயிலில் காயவைத்து இடித்து அரித்தாள். வறுத்த கச்சான் கடலையையும் இடித்து, முட்டையை நுரைக்க அடித்துச் சேர்த்தாள். முதல் கேக் உதிர்ந்து கொட்டுண்டது. அடுத்ததை யாக்கோப்பு வாயில் போட்டு வெகுநேரம் மென்றார்.

"எப்பிடியப்பா?"

"மாட்டுக்கு வைச்சா விரும்பித் தின்னும்."

சிரித்தாலும் சுசிலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தேங்காய் மா ஈரத்தைக் குடித்துவிடுகிறது என்று பிறகுதான் பிடிபட்டது. முட்டையைக் கூட்டினாள்; கறுவாவும் ஏலக்காயும் போட்டாள்; நன்றாக ஆறவிட்டு வெட்டினாள். இனிப்பு இல்லைதான். ஆனாலும் யாக்கோப்பு இன்னொரு துண்டுக்குக் கையை நீட்டினார்.

"அளவா சாப்பிடுங்கோ" என்று தட்டை இழுத்துக்கொண்டாள்.

கலியாணத்தன்று பெரிய கேக்குக்குப் பக்கத்தில் அதையும் வைத்தாள். "நல்ல காரியத்திலை இனிப்பில்லாத பலகாரமோ?" என்று சுசிலாவின் அக்கா காதுக்குள் கேட்டாள். பிறின்சி அதில் ஒரு துண்டைத்தான் எடுத்துத் தகப்பனுக்கு ஊட்டினாள். யாக்கோப்பு சபை நடுவில் நின்று சாப்பிட்டார்.

கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளையின் தாய் திரேசம்மா தனியாகக் குசினிக்குள், அடுப்படியில் நின்ற சுசிலாவிடம் வந்தா.

"எனக்கும் அதிலை ஒரு துண்டு தாங்கோ. கனகாலமா எனக்கும் உந்தச் சீனி வருத்தம்தான். மகனுக்குத் தெரியாது. சம்பந்தம் குழம்பிடுமெண்டு பயந்து ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

சுசிலா கதிரையை இழுத்துப்போட்டுத் துண்டைக் கையில் கொடுத்தாள். இத்தனை வீடுகளுக்குக் கேக் கொண்டுபோயிருக்கிறோம், யார் யார் சாப்பிடாமல் எழும்பிப் போனார்களோ என்று அன்றைக்குத்தான் யோசித்தாள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் திரேசம்மா மகனையும் கூட்டிக்கொண்டு சுசிலா வீட்டுக்கு வந்தா. "தம்பி, இதிலை இரு. உனக்கொரு கதை சொல்லவேணும்" என்றா. யாக்கோப்பு எழும்பி அவவுக்குப் பக்கத்தில் போய் இருந்தார். சுசிலா தேத்தண்ணிக்கு அடுப்பை மூட்டினாள்.