வாசிப்பு மாமியின் நாற்காலி

டில்லி மோதி பாக்கில் ஜலஜாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. கல்யாணமாகி வந்த புதிதில் அவள் சேஷன் ஆத்துக்காரி. அப்புறம் வாசிப்பு மாமி. கட்டின கணவருக்கோ அவள் வெறும் "இந்தா".

சனிக்கிழமை சாயங்காலம் தமிழ்ச் சங்கக் கூடத்தில் நாற்காலி போட்டு, எல்லோரும் உயிரை விடும் அந்தப் பழைய சரித்திர நாவலை உரக்கப் படிப்பாள். டில்லியில் பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் காதில் ஏறும், கண்ணில் ஏறாது. அவர்களுக்காக ஆரம்பித்த ஏற்பாடு அது. பிள்ளைகள் வேலையென்று குருகிராமுக்கும் நொய்டாவுக்கும் போன பிறகும் பெரியவர்கள் விடவில்லை. மூன்று பாகமும் முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. இந்த ஊரில் அவளுக்கென்று இருந்தது அந்த நாற்காலி ஒன்றுதான்.

இப்போது அதற்கும் ஆபத்து வந்தது. யாரோ இளவட்டங்கள் நாவலை வெப் சீரிஸாக எடுத்துவிட்டார்கள், அதுவும் கேலியாக. இளவரசி மாதங்கிக்கு சரோஜினி நகரில் துணிக்கடையாம்! டிரெய்லரைப் பார்த்தே சங்கச் செயலாளர் சேஷனுக்கு ரத்தம் கொதித்தது. அமைச்சகத்தில் கோப்பு எழுதியே காலம் தள்ளுகிற மனிதர். கோபம் வந்தால் கத்த மாட்டார், விதி போடுவார். போட்டார்: அந்தத் தொடரைப் பார்த்தவர் எவரும் இனி இங்கே நாவலை வாசிக்கக் கூடாது. கூடமே கை தூக்கியது. ஜலஜாவும் தூக்கினாள்.

திங்கட்கிழமை அவர் ஆபீஸ் போனதும், திட்டுவதற்காகத்தான் போனில் அதைப் போட்டாள். திட்டு வரவில்லை, சிரிப்பு வந்தது. அரைகுறை ஹிந்தியில் பேரம் பேசி மாதங்கி படுகிற பாடு, புதிதாக வந்தபோது ஜலஜா பட்ட பாடேதான். இத்தனை வருஷம் இளவரசியை அண்ணாந்தே பார்த்தவளுக்கு அவள் சட்டென்று பக்கத்து வீட்டுப் பெண்ணாகிவிட்டாள். கடைசி வரை பார்த்தாள். பிடித்த இடங்களைத் திரும்பவும் பார்த்தாள். பகலெல்லாம் சந்தோஷம். மாலையில் வாசலில் சேஷனின் செருப்புச் சத்தம் கேட்டால் மட்டும் போனைத் தலையணைக்கடியில் தள்ளிவிடுவாள்.

சனிக்கிழமை வந்தது. "கண்டனத் தீர்மானம் எழுதிண்டு வந்திருக்கேன். நீயே படிச்சுடு, உன் குரல்ல படிச்சாத்தான் எடுபடும்," என்று சேஷன் தாளை நீட்டினார்.

வாங்கிக்கொண்டாள். சமாளித்துப் படித்தாள்.

"பவனவேகன் என்னும் வெண்புரவி மீது பவனி வந்த சேனாதிபதி வீரமல்லரை ஓர் ஆட்டோவில் ஏற்றி அவமதித்ததை இச்சங்கம்..."

நின்றாள். அந்த நாவல் விஷயத்தில் யார் ஒரு சொல் தப்பாகச் சொன்னாலும் அவளுக்குப் பொறுக்காது, பிறவிக் குணம்.

"ஆட்டோ இல்லை, பேட்டரியில ஓடற ஈ-ரிக்‌ஷா," என்றாள். வாய் அதோடாவது நின்றதா? "பின்னாடி பவனவேகன்னு பெயிண்ட்ல எழுதியிருக்கும்."



"அது உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் சேஷன்.

தவளை தன் வாயால் கெட்டது. யாரும் சொல்லாமலே ஜலஜா நாற்காலியை விட்டு எழுந்து சுவரோரம் போய் நின்றாள்.

"சிவப்புப் பெயிண்ட்," என்றாள் முன்வரிசை லீலாவதி மாமி. "நானும்தான் பார்த்தேன். என்ன பண்ணப் போறேள்?"

அவளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஜகந்நாதன் செருமிக்கொண்டே கை தூக்கினார். பிறகு ஒவ்வொரு கையாக எழுந்தது. விதிக்குத் தூக்கிய அதே கைகள்.

"விதிப்படி இப்போ நீங்க ஒருத்தர்தான் வாசிக்கலாம், சேஷன்," என்றார் ஜகந்நாதன்.

சேஷன் விறைப்பாகப் போய் உட்கார்ந்து நாவலைப் பிரித்தார். சம்பளக் கமிஷன் அறிக்கை படிப்பது போலப் படித்தார். வீரமல்லர் பவனவேகன் மேல் தாவி ஏறிய இடம் வந்ததும் கூடம் அடக்க முடியாமல் வெடித்துச் சிரித்தது. சிரிக்காதவள் ஜலஜா மட்டும். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சேஷன் அதைப் பார்த்துவிட்டார். அவருக்கு மேலே படிக்க வரவில்லை.

"அந்த விதியை எடுத்துடலாமே, சார்," என்றார் ஜகந்நாதன்.

"எல்லாரும் கை தூக்கிப் போட்ட விதி. எடுக்கப்படாது." சேஷன் எழுந்து ஜலஜாவிடம் வந்தார். "ஆனா, தகுதியுள்ளவா ஒருத்தருமே இல்லேன்னா விதி தானா காலாவதி ஆயிடும். போனைக் கொடு. அந்த ஈ-ரிக்‌ஷாவைக் காட்டு."

அந்த இடத்தைப் போட்டுக் காட்டினாள். அவர் சிரிக்கவில்லை. புருவத்தைச் சுருக்கி, பிழை தேடுகிறவராகவே பார்த்தார்.

"குதிரைக்கு நெத்திச்சுட்டி உண்டே. வண்டிக்கு எங்கே?"

"இருக்கு. ஹெட்லைட்டுக்கு மேல. நன்னா பாருங்கோ."

பார்த்தார். உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது.

"அச்சா," என்று நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். "உக்காந்து படி, ஜலஜா."