நிபோங் திபால் முனிக்குக் கொண்டுபோன கள்

பாகான் செராய் ஸ்டேஷனை விட்டு ரயில் கிளம்பிய சற்று நேரத்தில், என் மடியிலிருந்து துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம் கேட்டது. மூன்றாம் வகுப்புப் பெட்டி முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. மேலே பறந்த கார்க்கு கூரையில் மோதி, எதிரே தூங்கிக்கொண்டிருந்த நெல் வியாபாரியின் தலையில் விழுந்தது. நான் மார்பிலிருந்து முழங்கால் வரை கள்ளில் நனைந்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் என் மகள் முத்தம்மா. அன்று மத்தியானம் அவளுக்கு நிச்சயம்.

குடிகாரன் என்று நினைத்துவிடாதீர்கள். நினைத்தவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள், அவர்களிடம் பிறகு வருகிறேன். போன மழைக்காலத்தில் முத்தம்மாவுக்குக் காய்ச்சல் கண்டு, தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் கொடுத்த கொய்னா மருந்தும் வயிற்றில் நிற்காமல் வெளியே வந்துகொண்டிருந்தது. அப்போது நிபோங் திபால் முனீஸ்வரனிடம் வேண்டிக்கொண்டேன். கப்பலில் வந்து இறங்கியதும் நான் முதலில் பால் மரம் வெட்டி ரப்பர் எடுத்த தோட்டத்துச் சாமி அது. "பிள்ளையை எனக்குத் திருப்பிக் கொடு, எங்கள் செமோர் தோட்டத்துக் கள்ளை அவள் கையாலேயே கொண்டுவந்து ஊற்றுகிறேன்" என்றேன். பிழைத்தாள். அதற்கப்புறம் அதே நிபோங் திபால் தோட்டத்திலிருந்தே சம்பந்தமும் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா வீராசாமி ஒன்றே ஒன்றுதான் சொல்லியனுப்பினார்: வேண்டுதல் முதலில், தட்டு மாற்றுவது பிறகு. சாமிக்குப் பாக்கி வைத்துவிட்டு அதன் முன்னால் தட்டு மாற்ற மாட்டார்களாம்.

கள் அன்று காலை இறக்கியதாக இருக்க வேண்டுமே. அதனால் என் மனைவி சீர்ச் சாமான்களோடு முதல் நாளே போய்விட்டாள். நானும் முத்தம்மாவும் மறுநாள் காலை ஏழரை வண்டியில் செமோரில் ஏறினோம். தோட்டத்துக் கள்ளுக் கடையில் உட்கார்ந்து எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம், வேலிக்கு வெளியே ஒரு சொட்டுக் கொண்டுபோகக் கூடாது. துரையிடம் 'சாமி கும்பிட ஒரு பாட்டில்' என்று சீட்டு வாங்கியிருந்தேன். நாலாம் வகுப்பு படித்து ஸ்டோர் கணக்குப் பார்க்கிறவனுக்குக் கையில் சீட்டு இருந்தால் நடையே வேறு.

அந்த மிடுக்கில்தான் புத்தி வேலை செய்தது. கள்ளுப் பாட்டில் வாயில் ஓலை செருகினால் போதும், பொங்குகிற கள் அதன் வழியாக மூச்சு விட்டுக்கொள்ளும். தோட்டத்தில் தவழுகிற பிள்ளைக்கும் இது தெரியும். நான் மட்டும், ரயிலில் வாடை வருமே என்று ஓலையைப் பிடுங்கிவிட்டு பிராந்தி கார்க்கை அடித்து, சணல் போட்டும் கட்டினேன். கோலா கங்சார் வரை சும்மா இருந்தது. தைப்பிங்கில் வெயில் ஏறியது. மிச்சத்தைத்தான் சொல்லிவிட்டேனே.

முத்தம்மா என் தோளிலிருந்த பெரிய துண்டை உருவி, பெஞ்சில் குளமாக நின்ற கள்ளை ஒற்றி எடுத்தாள்.

"ஐயோ, அது சபையில போட்டுக்க வாங்குன புதுத் துண்டும்மா!"

"பேசாம இருங்கப்பா" என்று துண்டைச் சுருட்டி, சாமிக்கு ஊற்றக் கொண்டுவந்த பித்தளைச் செம்புக்குள் திணித்தாள்.

நெல் வியாபாரி தலையைத் தடவிக்கொண்டே, "சீட்டு இருக்காண்ணே?" என்றார். பெருமையாக நீட்டினேன். பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இது பேராக் சீட்டுலா. பாரிட் புந்தாரோட பேராக் முடிஞ்சிரும். ஆத்துக்கு அந்தாண்ட பினாங்கு கவர்மெண்டு, அங்க இது செல்லாது. கள்ளோட புடிச்சான்னா எறக்கி உக்கார வச்சிருவான். சாயங்காலம் வரைக்கும் உங்கள யாரு கேப்பா?"

தட்டு மாற்ற அங்கே காத்திருக்கிறார்கள்.

பாரிட் புந்தாரில், ஆற்றைத் தாண்டும் வண்டியைச் சோதிக்க பினாங்குச் சுங்கச் சோதனைக்காரர் ஒருவர் ஏறினார். தமிழர்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"கள்ளு எங்க?"

பாட்டிலைக் காட்டினேன். காலி.

"பாதி என் தலையில இருக்கு, அதுக்கும் சீட்டு கேப்பீங்களாலா?" என்றார் வியாபாரி. பெட்டியே சிரித்தது. முத்தம்மா செம்பை மடியில் வைத்து ஜன்னலுக்கு வெளியே வயலைப் பார்த்தாள்.

சோதனைக்காரர் என் சட்டையைப் பார்த்தார். "வயித்துல கொண்டுபோனா நாங்க கேக்க முடியாது. ஆனா பொம்பளப் புள்ளய பக்கத்துல வச்சிக்கிட்டு இப்படியாண்ணே குடிக்கிறது?"

"தப்புதாண்ணே" என்றேன். வேறு என்ன சொல்ல? அவர் இறங்கிப் போனதும்தான் எனக்கு மூச்சு வந்தது. வண்டி பாலம் தாண்டுகையில் வியாபாரி கார்க்கை என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

நிபோங் திபாலிலிருந்து தோட்டத்துக்கு மாட்டு வண்டியில் மூன்று மைல். அரசமரத்தடியில் முனி, பக்கத்தில் என் மனைவி, எதிரே வெற்றிலைத் தட்டோடு வீராசாமி. என் வாடை எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

"என்ன சம்பந்தி, சாமிக்கு முன்னாடியே நீங்க தொடங்கிட்டீங்களா?"

நான் திக்கித் திக்கி நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் இறங்கியது. "அப்ப கள்ளு இல்லையா?"

முத்தம்மா செம்பிலிருந்து துண்டை எடுத்து, முனியின் கல்லுக்கு மேலே நிறுத்திப் பிழிந்தாள். மெல்லிய வெள்ளைக் கோடாக இறங்கியது.

"செமோர்க் கள்ளுதான் மாமா. அப்பா வேண்டிக்கிட்டப்ப அளவு சொல்லல."

வீராசாமி கல்லைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார், பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "புள்ள நம்ம வீட்டுக்குத் தேவைதான்" என்று தட்டை எடுத்தார். கள் வாடையோடேயே தட்டை மாற்றிக்கொண்டேன்.

இந்தப் பக்கம் படையலுக்குப் போகிறவர்களுக்கு: பேராக் சீட்டை நம்பி ஆற்றைத் தாண்டாதீர்கள். அங்குள்ள சொந்தக்காரர் மூலம் அந்தத் தோட்டத்துத் துரையிடம் முன்கூட்டியே சீட்டு வாங்கி, கள்ளையும் அங்கேயே வாங்குங்கள். என்னைப் போல ஊர்ப் பெயர் சொல்லி வேண்டிக்கொள்ளாதீர்கள். ஓலையைப் பிடுங்காதீர்கள். மாற்றுச் சட்டை ஒன்று அவசியம்.

புறப்படும்போது மறுபடி முனி முன்னால் நின்றேன். "என்னப்பா முணுமுணுக்கிறீங்க?" என்றாள் முத்தம்மா. ஒன்றுமில்லை என்றேன். பிள்ளையைத் திருப்பி எனக்குக் கொடு என்றுதானே கேட்டேன், இந்தத் தோட்டத்து மருமகளாக்கி உன் பக்கத்திலேயே வைத்துக்கொள் என்றா கேட்டேன் என்பதை வாய்விட்டுச் சொல்லவில்லை.