அவர் முதுகு நொறுங்கியது எப்படி

என் கணவருக்குப் பார்க்கின்சன் நோய் வந்து ஆறு வருடமாகிறது. போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். தென்காசியில் எங்கள் வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். போன சாரல் சீசனில், எண்ணெய் மசாஜ் செய்தால் உடம்பு இறுக்கம் விடும் என்று யாரோ சொல்ல, ஆட்டோ வைத்துக் குற்றாலத்துக்குக் கிளம்பிவிட்டார். நானும் கூடப் போனேன். ஆண்கள் இருக்கும் இடம் என்பதால் வெளியே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் அவரால் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. எக்ஸ்ரே பார்த்த டாக்டர், முதுகெலும்பில் ஒரு கணு நசுங்கியிருக்கிறது என்றார். அந்த மசாஜ்காரர் ஏறி மிதித்திருப்பார் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். இவரைக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எதையோ மறைக்கிறார் என்று இன்னும் உறுதியானது.

மூன்றாம் நாள் தனியாகக் குற்றாலம் போனேன். என்னைக் கண்டதும் மசாஜ்காரர் அவசரமாகக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அதுகூட எனக்குக் குற்றமுள்ள நெஞ்சாகப் பட்டது. புகார் கொடுப்பேன் என்றேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

“அக்கா, அண்ணாச்சி முதுகுல நான் கையே வைக்கல. சட்டையக் கழட்டும்போதே வலியில முனங்குனாக. பாத்ரூம்ல ரெண்டு தடவ விழுந்துட்டேன், வீட்டுல சொல்லிராதன்னாக. காலுக்கு மட்டும் எண்ணெய் தடவி அனுப்பிட்டேன்.”

திரும்பும் வழியெல்லாம் அவர் சொன்னது பொய்யோ என்றே நினைத்தேன். வீட்டுக்கு வந்து கேட்டேன். விழுந்ததை இவர் ஒத்துக்கொண்டார்.

“சொன்னா பாத்ரூம் கதவச் சாத்தவே விடமாட்ட. அதான் சொல்லல.”

டாக்டர் எலும்பு அடர்த்திக்கு ஸ்கேன் எழுதினார். கைநடுக்கத்துக்கும் எலும்புக்கும் என்ன சம்பந்தம் என்று அவரையும் சந்தேகப்பட்டேன். ஸ்கேனில் எலும்பு மெலிந்திருந்தது. நடமாட்டமும் வெயிலும் குறைந்து எடையும் இறங்குவதால் இந்த நோயாளிகள் பலருக்கு எலும்பு வலுவிழக்கும், லேசாக விழுந்தாலே நசுங்கும் என்றார். விழுந்துவிடுவாரோ என்று பயந்து இவரை வெயில் படாமல் உள்ளேயே உட்கார வைத்திருந்தவள் நான்தான்.

அதன்பிறகு ஊசியும் மாத்திரையும் ஆரம்பித்தோம். பாத்ரூம் சுவரில் கைப்பிடி பொருத்தினோம். வலி குறைந்ததும் பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி, காலை வெயிலில் என் கையைப் பிடித்துத் தெருமுனைவரை நடந்தார். மசாஜ்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அண்ணாச்சி நடக்காகளா என்று மட்டும் விசாரித்தார்.

இப்போது பாத்ரூம் கதவைச் சும்மா சாத்திக்கொள்கிறார், தாழ்ப்பாள் போடுவதில்லை. உள்ளே சத்தம் கேட்டால், பக்கெட்தான் விழுந்தது என்கிறார். நான் நம்புவதில்லை. எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.